ஏற்றமும் இறக்கமும்: லிஸ்பனை மூன்று நாட்களில் நடந்தே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வரைபடத்தில் விரற்கடை தூரத்தில் தெரிகிற இரண்டு இடங்களுக்கு நடுவே, போர்த்துகலின் தலைநகரான லிஸ்பனில், இருநூறு படிகள் இருக்கக்கூடும். கைப்பேசி காட்டிய "ஏழு நிமிட நடை"யை நம்பிப் புறப்பட்டு, பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு மதிலில் சாய்ந்து நின்றபோதுதான், இந்த ஊரைத் தூரத்தால் அளக்கக் கூடாது, ஏற்ற இறக்கத்தால் அளக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. அந்த அளவுகோலை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். மூன்று முழு நாட்கள், நாளொன்றுக்கு ஒரு குன்றுக்கு மேல் ஏறுவதில்லை, மூன்றாம் நாள் முழுக்கச் சமதளம் என்பதே இதன் திட்டம். இரண்டு குன்றுகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும் பயணத் திட்டங்கள் நிறைய உண்டு. முடிக்கலாம்தான், ஆனால் மறுநாள் காலையில் முழங்கால் அதற்குக் கணக்குக் கேட்கும்.

முதலில் நிலத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

தேஜு ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்குச் சற்று முன்பு, மறுகரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகன்று கிடக்கும் இடத்தின் வடகரையில் லிஸ்பன் அமைந்திருக்கிறது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே தட்டையான பள்ளத்தாக்கு. அதற்குப் பைஷா என்று பெயர், தாழ்ந்த பகுதி என்று பொருள். வலப்பக்கம், அதாவது கிழக்கே, கோட்டைக் குன்று எழும்புகிறது. அதன் சரிவில் ஆல்ஃபமா என்னும் பழைய குடியிருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம் ஷியாடு, அதற்கு மேலே பைரு ஆல்ட்டு. பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் ரொசியு சதுக்கம். இவ்வளவையும் ஒரு தாளில் கையால் வரைந்து பார்த்துக்கொண்டால், பழைய நகரத்துக்குள் வரைபடத்தை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. வழி தவறிவிட்டால் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தப் பக்கமாக இறங்குங்கள். ஆற்றங்கரையிலோ பைஷாவிலோ கொண்டுபோய் விடும்.

நிலத்துக்கு அடுத்தபடியாக ஒரே ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் திருநாள். மக்கள் காலைப் பூசைக்காகத் தேவாலயங்களில் நிறைந்திருந்த நேரத்தில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இடிபாடுகளுக்குத் தப்பித் திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மீது கடல் ஏறி வந்தது. பிறகு நகரம் பல நாட்கள் எரிந்தது. பைஷா ஏறக்குறைய முழுதும் அழிந்தது. பாறை மீது அமைந்த ஆல்ஃபமாவின் பெரும்பகுதி தப்பியது. லிஸ்பனில் நீங்கள் பார்க்கப்போகும் எந்தக் கட்டடத்தின் முன்னும் "இது அதற்கு முன்பா, பின்பா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பாதி வரலாறு அந்தக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும்.

புறப்படும் முன் செய்துகொள்ள வேண்டியவை

முதலாவது காலணி. நகரத்து நடைபாதைகள் எல்லாம் கால்சாடா எனப்படும் சிறு கல் பதிப்பால் ஆனவை: உள்ளங்கை அளவுக்கும் சிறிய வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களையும் கறுப்புக் கற்களையும் கையால் அடித்துப் பொருத்தி, அலை, கப்பல், பூ என்று கோலம் போட்டிருக்கிறார்கள். 1842இல் கோட்டைக்குள் இருந்த கைதிகளை வைத்துப் பதித்த ஒரு நெளிகோட்டுக் கோலம் ஊராருக்குப் பிடித்துப்போய், ரொசியுவுக்குப் பரவி, அங்கிருந்து நகரம் முழுதும் பரவியது. பல தலைமுறைக் கால்கள் தேய்த்ததில் கற்கள் கண்ணாடியாக மின்னுகின்றன. தூறல் விழுந்தால் அவ்வளவுதான். நான் விழுந்தது ஏற்றத்தில் அன்று, இறக்கத்தில்; அதுவும் மழை நின்று வெயில் வந்தபின், காய்ந்துவிட்டது என்று நம்பிக் கால் வைத்த இடத்தில். ரப்பர் அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட, ஏற்கெனவே போட்டுப் பழகிய காலணியே வேண்டும். தோல் செருப்பை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது தங்குமிடம். ஆல்ஃபமாவில் தங்குவது படங்களில் அழகாக இருக்கும். பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது என்பதும், சக்கரப் பெட்டியைக் கல் பதித்த படிகளில் இழுக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும் என்பதும் வந்து சேர்ந்த பிறகே தெரியவரும். பைஷாவிலோ ரொசியுவை ஒட்டியோ சமதளத்தில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஏறி, அலமேடா நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால் ரொசியுவில் இறங்கிவிடலாம். மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஒரே அட்டை உண்டு. ஆளுக்கு ஒன்றாக நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காலம். மார்ச்சு முதல் மே வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. நவம்பர் தொடங்கி மழைக்காலம். கோடையில் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததில்லை. ஆனால் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடுவதால், மதியம் ஓய்ந்துவிட்டு மாலை ஐந்துக்குமேல் நடக்க நான்கு மணி நேரம் கிடைக்கும். திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதையும் நாள் குறிக்கும்போது கவனியுங்கள்.

முதல் நாள்: பள்ளத்தாக்கும் மேற்குக் குன்றும்

காலை எட்டு மணிக்கெல்லாம் ஆற்றங்கரையில் இருக்கும் பிராசா டூ கொமேர்சியு சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். உள்ளூர்க்காரர்கள் இதை இன்னும் தெரெய்ரு டூ பாசு, அதாவது அரண்மனை வெளி, என்றே சொல்கிறார்கள். அரண்மனை 1755இல் போய்விட்டது. பெயர் மட்டும் இருக்கிறது. சதுக்கத்தின் தென்முனையில் கல் படிகள் ஆற்றுக்குள்ளேயே இறங்குகின்றன. இரண்டு தூண்கள் தண்ணீரில் நிற்கின்றன. கடல் ஏற்றவற்றம் இவ்வளவு தூரம் வரும் என்பதால், காலையில் பத்துப் படிகள் தெரிந்த இடத்தில் மாலையில் மூன்றே தெரியலாம். கீழ்ப்படிகளில் பாசி உண்டு.

இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். நடுவில் குதிரை மீது அரசர் முதலாம் ஜோசே. 1775இல் நிறுவிய சிலை. நிலநடுக்கம் நேர்ந்தபோது ஆட்சியில் இருந்தவர் இவர். நகரத்தை மீண்டும் எழுப்பியவர் இவருடைய அமைச்சர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர். வளைந்து நெளிந்த பழைய சந்துகளை மீட்டெடுக்க முயலாமல், பள்ளத்தாக்கு முழுவதையும் நேர்க்கோட்டுத் தெருக்களாக வகுத்து, ஒரே உயரத்தில், ஒரே அளவு ஜன்னல்களுடன் கட்ட வைத்தார்கள். சுவருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மரக்கூண்டு இருக்கிறது: நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகக் கோத்த சட்டங்கள். நிலம் ஆடினால் கல் உதிர்ந்தாலும் கூண்டு வளைந்து கொடுத்து நிற்கும் என்பது அதன் கணக்கு. நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்றே திட்டமிட்டு ஒரு நகரப் பகுதி முழுவதையும் கட்டிய மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று.

வளைவு வாயிலைக் கடந்து ருவா அகுஷ்டாவில் நுழையலாம். பாதசாரிகளுக்கு மட்டுமான தெரு, கூட்டமும் அதற்கேற்ப. உணவகப் பணியாளர்கள் படம் போட்ட பட்டியலோடு கூப்பிடுவார்கள், கடந்து போய்விடுங்கள். அதைவிட இணைத்தெருக்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பது எனக்குப் பிடித்திருந்தது. புதிய நகரத்தில் தொழிலுக்கு ஒரு தெரு ஒதுக்கியிருந்தார்கள்: பொன் தெரு, வெள்ளித் தெரு, முலாம் பூசுவோர் தெரு. அவற்றுள் ஒன்று ருவா டூஸ் சபதெய்ருஸ். சப்பாத்துத் தைப்பவர் தெரு. ஆம், நம் சப்பாத்துதான். போர்த்துக்கீசியர் நம் கடற்கரைக்கு வந்து விட்டுச் சென்ற சொற்கள் இங்கே கடைப்பலகைகளில் உயிரோடு இருக்கின்றன. சாவி செய்து தரும் கடையில் "ஷாவே", வாடகை விளம்பரத்தில் "ஜனேலா", "வரண்டா", மரச்சாமான் கடையில் "மேசா", "அர்மாரியு". இலங்கைத் தமிழருக்கு இன்னும் நான்கு கூடுதலாகப் பிடிபடும்: பாண், கதிரை, குசினி, லேஞ்சி. மொழி தெரியாத ஊரில் ஜன்னல், மேசை அளவுக்காவது புரிகிறது என்பது சிறிய ஆறுதல் இல்லை.

ரொசியுவை அடைந்ததும் தரையைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக அலை வடிவம். சிறிது நேரம் உற்றுப் பார்த்தால் தட்டையான தரை மேடு பள்ளமாகத் தோன்றும். சதுக்கத்தின் வடக்கே நாடக அரங்கு நிற்குமிடத்தில்தான் மத விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்தது. அதற்கு வலப்புறம் சில அடிகளில் சாவு டொமிங்குஸ் தேவாலயம் (பெயர்களின் முன்வரும் "சாவு" போர்த்துக்கீசியத்தில் "புனித" என்று பொருள்படும்). வெளியே சாதாரண முகப்பு. உள்ளே போய் நில்லுங்கள். 1959இல் தீப்பிடித்து எரிந்த தேவாலயம் இது. தூண்களின் கல் வெப்பத்தில் வெடித்துச் செதிலாக உரிந்திருப்பதை அப்படியே விட்டுவைத்து, கூரையை மட்டும் செம்மண் நிறத்தில் பூசித் திறந்துவிட்டிருக்கிறார்கள். தூணின் அடியில் கை வைத்தால் வெந்த செங்கல்லைத் தொடுவது போலிருக்கும். வாசலுக்கு வெளியே உள்ள சிறு சதுக்கத்தில் 1506இல் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டதை நினைவுகூரும் கல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் இதே சதுக்கத்தில் 1840 முதல் செர்ரி மதுபானம் விற்கும் சின்னக் கடைக்கு வரிசையில் நிற்கின்றனவே ஒழிய, அந்தக் கல்லைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மதிய உணவுக்கு முன் ஓர் எச்சரிக்கை. நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஒலிவக்காய், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். அது உபசாரம் என்று நினைத்துக் கைவைத்துவிட்டு, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டிருந்ததைப் பார்த்து நான் விழித்தேன். தவறு உணவகத்தினுடையது என்று சொல்ல முடியாது. அங்கே வழக்கமே அதுதான். வேண்டாமென்றால் உட்கார்ந்தவுடனேயே எடுத்துப் போகச் சொல்லிவிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. அன்றைய சிறப்புச் சாப்பாடு எது என்று கேட்டு அதையே வாங்குவது மலிவு. "அரைப் பங்கு" என்று பட்டியலில் இருந்தால் ஒருவருக்கு அதுவே தாராளம். சைவ உணவுக்காரர்கள் கீரைச் சூப்பு என்று நம்பி "கால்டு வெர்டே" கேட்டால், மேலே பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இறைச்சி வேண்டாம் என்றால் மீன் வரும். காப்பியை நின்றபடி உள்ளே குடித்தால் ஒரு விலை, வெளி மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

மாலையில் மேற்குக் குன்று. சாந்தா ஜுஸ்தா என்னும் இரும்பு மின்தூக்கி 45 மீட்டர் உயரத்துக்கு நெசவு வேலைப்பாடு போல நிற்கும், 1902இல் திறந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதே போதும் என்பது என் கருத்து. வரிசையில் ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டு நிமிடப் பயணத்துக்கு அது தகாது. மாற்று வழி உண்டு. பைஷா–ஷியாடு மெட்ரோ நிலையத்தின் கீழ் வாசலில் நுழைந்து நகரும் படிக்கட்டுகளில் அடுத்தடுத்து ஏறினால், ஷியாடு வாசலில் வெளியே வந்துவிடலாம். குன்றில் பாதியை அது தின்றுவிடும். சரிவில் ஓடும் கம்பிவட வண்டிகளை நம்பித் திட்டமிடாதீர்கள்: 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டி தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தார்கள், அதன்பின் நகரத்தின் மற்ற வண்டிகளையும் நிறுத்திச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். எது ஓடுகிறது என்பதை அன்றன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஷியாடுவில் 1732இல் தொடங்கிய பெர்த்ராண்ட் புத்தகக் கடை இன்றும் புத்தகம்தான் விற்கிறது. அங்கிருந்து வடக்கே சில நிமிட நடையில் கார்மு மடம். 1389இல் தொடங்கிய இந்தக் கோதிக் தேவாலயத்தின் கூரை 1755இல் விழுந்தது, மறுபடி போடவில்லை. கூர்வளைவுகள் மட்டும் வானத்தில் நிற்கின்றன. கீழே புல் வளர்ந்திருக்கிறது. பட்டியலில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். அதன் முன்னாலுள்ள நிழலான சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று படைவீரர்களும் மக்களும் சூழ்ந்து நிற்க, உள்ளே ஒளிந்திருந்த பிரதமர் மார்செலு கயெதானு பணிந்தார். துப்பாக்கிக் குழாய்களில் சிவப்புப் பூக்களைச் செருகிய புரட்சி அது. மடத்தின் பக்கவாட்டு மாடிவெளியில் நடந்தால், மின்தூக்கியின் உச்சிக்கு அருகிலேயே போய்விடுவீர்கள், காசு கொடுக்காமல்.

கால் இன்னும் தாங்குமானால் சாவு ரோக்கெ தேவாலயம் வரை போகலாம். வெளியே வெறும் வெள்ளைச் சுவர். உள்ளே ஒரு பக்கப் பீடத்தை முழுவதுமாக ரோமில் செய்து, திருத்தந்தை ஆசீர்வதித்தபின் பிரித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள், நீலக்கல்லும் பொன்னுமாக. தமிழ் வாசகர்களுக்கு அதைவிட நெருக்கமானது உடுப்பறையில் இருக்கிறது: 1541இல் லிஸ்பனிலிருந்து கப்பலேறி, மறு ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்க்கையைச் சொல்லும் இருபது ஓவியங்கள்.

இரண்டாம் நாள்: கோட்டைக் குன்றும் ஆல்ஃபமாவும்

இந்த நாளின் இரகசியம் மேலே ஏறி நடக்காமல், மேலிருந்து கீழே நடப்பது. பைஷாவின் கிழக்கு ஓரத்தில் ருவா டூஸ் ஃபங்கெய்ருஸ் தெருவில், சாதாரண வீட்டு வாசல் போலத் தோன்றும் ஒரு கதவுக்குள் நகராட்சியின் இலவச மின்தூக்கி இருக்கிறது. அது அடுத்த தெரு மட்டத்தில் விடும். எதிரே தெரியும் சிறு சதுக்கத்தைக் கடந்தால், கீழே பலசரக்குக் கடையும் மேலே வண்டி நிறுத்துமிடமுமாக ஒரு கட்டடம். அதற்குள் இரண்டாவது இலவச மின்தூக்கி. உச்சியில் இறங்கினால் கோட்டை மதிலுக்குச் சற்றுக் கீழே இருப்பீர்கள். எப்போதாவது பழுதாகி நிற்கும்; அப்படியானால் படிதான்.

சாவு ஜோர்ஜ் கோட்டையை 1147இல் முதல் அரசர் அஃபோன்சு என்ரிக்கெஸ், சிலுவைப் போர் வீரர்களின் துணையோடு முசுலிம்களிடமிருந்து கைப்பற்றினார். இன்று தெரிகிற மதிலில் கணிசமான பகுதி 1940ஐ ஒட்டிச் சீரமைத்தது. மயில்கள் திரியும், காட்சி நன்று. ஆனால் நேரமோ பணமோ குறைவென்றால், வெளியிலேயே நின்றுவிட்டு கிராசா மேட்டுக்குப் போவதே மேல். கோட்டையிலிருந்து கோட்டையைப் பார்க்க முடியாது, கிராசாவிலிருந்து முடியும்.

செவ்வாய், சனி நாட்களில் அருகிலுள்ள சாந்தா கிளாரா வெளியில் பழைய பொருள் சந்தை கூடும். அதற்குப் பின்னால் வெள்ளைக் குவிமாடத்தோடு தெரிவது சாந்தா எங்கிராசியா. 1682இல் தொடங்கிய தேவாலயம், 1966இல்தான் முடிந்தது. முடிவே இல்லாமல் இழுக்கும் வேலையை "சாந்தா எங்கிராசியா வேலை" என்று போர்த்துக்கீசியத்தில் சொல்வார்கள்.

இனி இறக்கம். போர்டாஸ் டூ சோல் மேட்டுக்கு வாருங்கள். கீழே ஆல்ஃபமாவின் ஓட்டுக்கூரைகள், அப்பால் ஆறு. ஒட்டினாற்போல் சாந்தா லுசியா. அந்தத் தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓடுகளால் ஆன ஒரு சித்திரம், ஆற்றங்கரைச் சதுக்கம் நிலநடுக்கத்துக்கு முன் எப்படி இருந்தது என்று காட்டுகிறது. நேற்றுக் காலை நின்ற அதே இடத்தை இங்கே அடையாளம் கண்டுகொள்ள முயலுங்கள். பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் படிகளில் இறங்கத் தொடங்குங்கள்.

ஆல்ஃபமா என்னும் பெயர் அரபியில் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சந்துகள் சில இடங்களில் கை இரண்டையும் நீட்டினால் இரு பக்கச் சுவரையும் தொடும் அகலம்தான். தலைக்கு மேலே துவைத்த துணிகள். ஈரத் துண்டிலிருந்து சொட்டிய நீர் கழுத்தில் விழுந்தபோது அண்ணாந்து பார்த்தேன், மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு பாட்டி, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை அசைத்தார். இங்கே மக்கள் வசிக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவது நம் தெருவில் யாராவது செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அங்கேயும். 28ஆம் எண் டிராம் இந்தக் குன்றைச் சுற்றி ஏறுகிறது. எஷ்கோலாஷ் ஜெராய்ஷ் தெருவில் அது வரும்போது சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். அதைப் பார்ப்பது ஏறுவதைவிடச் சுவை. ஏறத்தான் வேண்டுமென்றால் விடியற்காலையில் ஏறுங்கள். நெரிசல் நேரத்தில் ஜேப்படிக்காரர்களுக்கு அது சொந்த வண்டி மாதிரி. பணப்பையும் கடவுச்சீட்டும் சட்டைக்குள் இருக்கட்டும்.

சரிவின் மேற்கு ஓரத்தில், 1147இல் பள்ளிவாசல் இருந்த இடத்தில் எழும்பிய பேராலயம், கோட்டை போன்ற இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது. அதற்கு எதிரே, சற்றுத் தாழ்வாக, சிறிய தேவாலயம் ஒன்று. பதுவை அந்தோனியார் என்று நாம் சொல்லும் புனிதர் பிறந்தது இத்தாலியில் இல்லை, இங்கே. 1195இல் அவர் பிறந்ததாகக் கருதப்படும் இடத்தின்மேல் இதைக் கட்டியிருக்கிறார்கள். உவரியிலும் கச்சத்தீவிலும் கொச்சிக்கடையிலும் கூட்டம் கூட்டமாக வணங்கப்படும் அந்தோனியாரின் பிறப்பிடம், நிலவறைக்குள் நாலைந்து பேர் நிற்கக்கூடிய ஓர் அறை. ஜூன் 12 இரவு நீங்கள் லிஸ்பனில் இருந்தால், ஆல்ஃபமா முழுதும் தெருவிலேயே மத்தி மீன் சுட்டு, துளசி இனச் செடியைத் தொட்டியில் வைத்து அதில் ஒரு சீட்டுக்கவிதையைச் செருகி விற்பார்கள். அன்று நடக்க இடமிருக்காது.

அடிவாரத்தில் கடைசி நிறுத்தம், முகப்பு முழுதும் வைரப்பட்டை தீட்டிய கற்கள் துருத்தி நிற்கும் காசா டூஸ் பிக்குஸ். 1523இல் இதைக் கட்டியவர், கோவாவையும் மலாக்காவையும் பிடித்த அஃபோன்சு டி அல்புகெர்க்கெயின் மகன். கீழ்த்தளத்தில் அகழ்ந்தெடுத்த ரோமானியர் கால மதிலை இலவசமாகப் பார்க்கலாம். இரவில் ஃபாடு பாட்டுக் கேட்க ஆல்ஃபமாவுக்கே திரும்பி வரலாம். விளக்கைக் குறைத்ததும் கரண்டிச் சத்தம்கூட எழக் கூடாது, அதுதான் அங்கத்திய மரியாதை.

மூன்றாம் நாள்: பெலேம்

பைஷாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர். போகும்போது 15ஆம் எண் டிராம். காலை ஒன்பதரைக்குள் ஜெரோனிமுஸ் மடத்தின் வாசலில் இருந்தால் வரிசை தாங்கக்கூடியதாக இருக்கும். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

வாஸ்கோ ட காமா 1497 ஜூலை 8 அன்று பெலேம் கரையிலிருந்துதான் புறப்பட்டார். மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோடு. மடத்தின் கட்டுமானத்துக்கு ஆப்பிரிக்க, கீழைநாட்டு வணிகத்தின் மீது ஏறக்குறைய 5 விழுக்காடு வரி விதித்தார்கள். அதில் பெரும்பங்கு மலபார்க் கரையிலிருந்து போன மிளகு. தூண்களில் கயிறு, பவளம், கடற்பாசி என்று செதுக்கியிருக்கும் கல்லைப் பார்த்து வியக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். நுழைந்தவுடன் காமாவின் கல்லறை. அவர் 1524இல் கொச்சியில் இறந்தார்; எலும்புகள் 1539இல் போர்த்துகலின் விடிகெய்ரா ஊருக்குப் போய், 1880இல்தான் இங்கே வந்தன. தமிழுக்கு இந்த ஊரோடு இன்னொரு கணக்கும் உண்டு. 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு மறைக்கல்வி நூலில் தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்துகளில் இடம்பெற்றன. தமிழ் முதன்முதலில் அச்சேறியது அப்படித்தான். தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் 1578இல் கொல்லத்தில் வந்தது.

ஆற்றோரமாக நிற்கும் கடலோடிகள் நினைவுச் சின்னம் பழையதன்று. சலசாரின் சர்வாதிகார ஆட்சியில், 1960இல் கல்லில் எழுப்பியது. அதன் பெருமிதத்தை அப்படியே வாங்கிக்கொள்ள, கரையின் மறுபக்கத்திலிருந்து போகிற நமக்கு முடியாது. ஆனால் அதன் முன்னே தரையில் பதித்த பளிங்கு உலகப்படத்தில் நம் கடற்கரையைத் தேடி அதன்மேல் நிற்காத இந்தியரையோ இலங்கையரையோ நான் பார்க்கவில்லை. அங்கிருந்து பெலேம் கோபுரம் கால்மணி நேர நடை. சீரமைப்புப் பணிக்காக அதை மூடுவதுண்டு என்பதால், உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். உள்ளே குறுகிய சுழற்படிதான்.

1837 முதல் இயங்கும் பெலேம் கடையின் முட்டைப் பாலேட்டுப் பணியாரத்தை, வாங்குவோர் வரிசையில் நிற்காமல் உள்ளே சென்று மேசையில் உட்கார்ந்தால் விரைவில் பெறலாம். மேசைமீதுள்ள இலவங்கப்பட்டைத் தூளைத் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும்.

திரும்பும்போது டிராமை விட்டுவிட்டு, பெலேம் நிலையத்தில் உள்ளூர் ரயிலைப் பிடித்து கய்ஷ் டூ சொட்ரே முனையத்தில் இறங்குங்கள். ருவா டூ அர்சனால் தெரு வழியாகப் போனால், உப்பிட்டு உலர்த்திய காட் மீனைப் பலகை போல அடுக்கி விற்கும் பழைய கடைகள் வரும். கருவாட்டுக் கடை வாடை தூரத்திலிருந்தே வழி காட்டும். வாடை ஆகாதவர்கள் ஆற்றோரப் பாதையில் நடக்கலாம், பத்துப் பதினைந்து நிமிடம், முழுக்கச் சமதளம். ரிபெய்ரா டாஸ் நாவுஸ் என்னும் அந்தக் கரையில்தான் இந்தியாவுக்குப் போன கப்பல்களைக் கட்டினார்கள். பழைய உலர்துறையின் கல் விளிம்பு புல்வெளிக்கு நடுவே இன்னும் தெரியும். மாலை வெயிலில் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சரிவான கல்மேடையில் கால் நீட்டிக் கிடப்பார்கள். மூன்று நாள் நடந்த காலோடு நீங்களும் கிடக்கலாம்.